மாஸ்டர் சுவிட்சை அணைத்த ஓட்டுநர்

ஒரு விசாரணைப் படிவத்தில் நான் பொய் எழுதினேன். "ஓட்டுநரிடமிருந்து தகவல் எதுவும் வரவில்லை" என்பதுதான் அந்தப் பொய். தகவல் வந்தது. என் சொந்தக் கைபேசிக்கே வந்தது. எடுத்துப் பேசினேன், செய்யக்கூடாத ஒன்றைச் செய்யச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததால் அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நான் அந்தப் படிவத்தை நிரப்பினேன். அவருக்கு வேலை போனது. வேலையைவிடப் பெரிய ஒன்றும் போனது. அது எனக்குத் தெரியவர நான்கு வருடங்கள் ஆயின.

வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, சமையல் எரிவாயுவை உருளைகளில் நிரப்பும் ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். துறைமுகத்திலிருந்து திரவ எரிவாயுவை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியாக டேங்கர் லாரிகள் வரும். கடைசி ஆறு வருடங்கள் அந்த லாரிகளைக் கண்காணிக்கும் அறை என் பொறுப்பில் இருந்தது. சுவரில் மூன்று திரைகள். ஒவ்வொரு லாரியிலும் ஒரு ட்ராக்கர் கருவி. ஓடும் வண்டி பச்சைப் புள்ளி, அனுமதியில்லாத இடத்தில் நின்றால் மஞ்சள், கருவிக்கு மின்சாரம் நின்றுபோனால் சிவப்பு. சிவப்பு என்றால் ஓட்டுநர் கருவியின் வயரைப் பிடுங்கிவிட்டார் என்று பொருள். எதற்குப் பிடுங்குவார்? எங்கேயோ ஒதுக்கி நிறுத்தி கேஸை இறக்கி விற்பதற்கு. அப்படிச் சிலர் செய்து மாட்டியிருந்தார்கள், அதனால்தான் அந்த விதி. சிவப்பு விழுந்த ஓட்டுநரின் பெயர் தடைப்பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியல் எல்லா ஆலைகளுக்கும் போகும். பிறகு எந்த வாசலிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள்.

ஓட்டுநர்கள் என்னிடம் மரியாதையாக இருந்தார்கள். கேஸ் வண்டிகளின் ஆயுத பூஜையில் கற்பூரம் கொளுத்த மாட்டார்கள். சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். ஒரு வருடம் அந்தப் பூஜைக்குப் போனபோது பொரி கடலையை மென்றுகொண்டே எல்லோருக்கும் என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். "ரூமுக்குப் பேசுனா நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க. எதுன்னாலும் என்னைக் கூப்பிடுங்க" என்றேன். அது எனக்குப் பெருமையாக இருந்தது. கண்காணிப்பு அறையின் தொலைபேசியில் பேசுவது பதிவாகும், என் கைபேசியில் பேசுவது பதிவாகாது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த அழைப்பு ஓர் ஆடி மாதத்து முற்பகலில் வந்தது. கணவாய்க் காற்று ஆலை வாசல் கதவுகளை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆலையில் சரக்கு குறைவு. மூன்று லோடுகள் தாமதம், மதியத்துக்குள் ஒரு டேங்கராவது வராவிட்டால் உருளை நிரப்பும் வேலை நின்றுவிடும். மேலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். கூப்பிட்டவர் அந்தியூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருடத்துக்கு மேல் டேங்கர் ஓட்டியவர். ஒருமுறைகூட அவர் புள்ளி சிவந்ததில்லை.

"ஏனுங்க சார், வண்டில வாசம் வருதுங்க."

"கேஸ் வண்டில கேஸ் வாசம் வராம மல்லியப்பூ வாசமா வரும்?" என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

"அப்படி இல்லீங்க. வால்வு பொட்டிக்குள்ள பைப்பு சேர்ற எடத்துல வெள்ளையாப் பனி புடிச்சிருக்குதுங்க. சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தனுங்க, நொரை தள்ளுதுங்க."

"எங்க இருக்கீங்க?"

"வாளையாறு தாண்டிட்டனுங்க. மதுக்கரைக்கு இந்தப் பக்கம். வண்டிய ஓரங்கட்டிட்டு எட்ட வந்து நின்னு பேசறனுங்க."

ஒரு மணி நேரத் தொலைவு. திரையில் வேறு பச்சைப் புள்ளி எதுவும் பக்கத்தில் இல்லை.

"சின்னக் கசிவாத்தான் இருக்கும். மெதுவா ஓட்டிட்டு வந்துருங்க. இங்க வந்து பாத்துக்கலாம்."

 காற்றின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் வந்தது.

"போற வழில பள்ளிக்கோடமுங்க, சந்தைங்க. மத்தியான நேரம், புள்ளைக வெளிய வருமுங்க."

"நான்தான் சொல்றேனில்ல?"

"நீங்க சொல்றது சரிதானுங்க சார். ஆனா நான் ஓட்ட மாட்டனுங்க."

துண்டித்துவிட்டார். சில நிமிடங்களில் அவருடைய புள்ளி சாலையை விட்டு விலகிக் காலி நிலம் ஒன்றுக்குள் போய் நின்றது. பிறகு சிவந்தது.

அங்கே அவர் செய்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். காற்று கிழக்கே வீசுகிறது என்று பார்த்து, கிழக்கே வீடில்லாத தரிசாகத் தேடி வண்டியை இறக்கியிருக்கிறார். இன்ஜினை நிறுத்தி, பேட்டரி இணைப்பை மொத்தமாகத் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சை அணைத்திருக்கிறார். கிளீனரைச் சிவப்புத் துணியோடு சாலையில் நிறுத்தி வண்டிகளைத் தடுத்திருக்கிறார். தானே தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் வந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்க, எங்கள் ஆட்கள் போய்க் குழாய் மூட்டில் இருந்த பழைய கேஸ்கெட் வளையத்தை மாற்றி போல்ட்டுகளை இறுக்கினார்கள். ஆலை அரை நாள் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கசிவு வந்தால் முதலில் இன்ஜினை நிறுத்து, அடுத்து மாஸ்டர் சுவிட்சை அணை. ஒரு பொறிகூடப் பறக்கக்கூடாது என்பதற்கான விதி இது. ஒவ்வொரு லாரியின் கேபினிலும் இது ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். ஆனால் எங்கள் லாரிகளில் ட்ராக்கர் கருவியின் வயரை மாஸ்டர் சுவிட்சுக்கு அப்புறம் இணைத்திருந்தார்கள். சுவிட்சை அணைத்தால் கருவியும் செத்துவிடும், திரையில் சிவப்பு விழும். ஒரு விதி சொன்னதைச் செய்தால் இன்னொரு விதி திருடன் என்றது. இதைக் கவனித்திருக்க வேண்டியவனும் நான்தான்.

மண்டல அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. ஓட்டுநர் தகவல் தந்தாரா என்பது ஒரு கேள்வி. தந்தார் என்றால், அவருக்கு என்ன அறிவுரை வழங்கப்பட்டது என்பது அடுத்த கேள்வி. கசியும் டேங்கரை ஊர் நடுவே ஓட்டிவரச் சொன்னேன் என்று அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். ஓய்வு பெற எனக்குப் பதினொரு மாதம் இருந்தது. தகவல் வரவில்லை என்று எழுதினேன். கருவியின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதா? ஆம். துண்டித்தவர்? ஓட்டுநர். இந்த இரண்டு பதிலும் உண்மை. மேலே இருந்த ஒரு பொய் இந்த இரண்டு உண்மையையும் தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. யாருக்கும் சொல்லாமல் ஒதுங்கி, கேஸை இறக்கப் போனபோதுதான் கசிவு வந்தது என்று அலுவலகம் முடிவு செய்தது.

பெயர் பட்டியலில் ஏறிய வாரம் அவர் ஆலை வாசலுக்கு வந்தார். காவலர் உள்ளே விடவில்லை. நான் வெளியே போனேன்.

"சார், நீங்க பேசுனீங்களேங்க."

"பதிவுல எதுவும் இல்லீங்களே" என்றேன். அதுவரை அவரிடம் நான் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

"பதிவுல இல்லீங்க, சரிங்க. உங்க காதுலயும் இல்லீங்களா?"

நான் வாசலில் நின்ற வேறொரு லாரியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அவர் இல்லை.

ஓய்வு பெற்றுச் சரவணம்பட்டியில் வீட்டோடு இருந்தேன். அந்த மனிதரை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவர் வேறு வேலை தேடியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வருடம், டேங்கர் ஓட்டுநர்களுக்கான பயிற்சி வகுப்பில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். ஆசையாகத்தான் போனேன். முப்பது பேர் இருந்தார்கள். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: வாசம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

"இன்ஜினை ஆப் பண்ணுவமுங்க."

"அப்புறம்?"

 பின்வரிசையில் ஒருவர், "மாஸ்டர் சுவிட்சுல மட்டும் கை வெக்க மாட்டமுங்க" என்றார். வகுப்பே சிரித்தது.

"ஏன்?"

"செவப்பு உழுந்துருமுங்க சார். அந்தியூர்க்காரரு ஒருத்தரு அமத்திப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போனாரு. கேஸ் திருடுனாருன்னு பேரு வேற."

"அவரு நெசமாவே திருடுனாராமா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"யாரு கண்டா? ஆபீசரு எழுதுனா எழுதுனதுதான்."

எனக்குக் கரும்பலகைப் பக்கம் திரும்பத்தான் தோன்றியது. முப்பது பேர். இவர்கள் ஓட்டும் வண்டிகள், இவர்கள் இதைச் சொல்லும் மற்ற ஓட்டுநர்கள். கசிவு வந்தால் இவர்களில் ஒருவரும் மின்சாரத்தை நிறுத்தப்போவதில்லை. என் ஸ்டிக்கரை அழித்துவிட்டு என் பொய் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவர் திருடலைங்க" என்றேன். "அவர் ஃபோன் பண்ணார். எடுத்தது நான். ஓட்டிட்டு வரச் சொன்னதும் நான்தான்."

சிரிப்பு நின்றது. மீதிப் பாடத்தை யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்தப் பயிற்சி நிலையத்தில் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

அந்த வாரமே நடந்தது முழுவதையும் எழுதிக் கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு நகலை எடுத்துக்கொண்டு கோபி வழியாக அந்தியூருக்குப் பஸ் ஏறினேன். லாரி ஸ்டாண்டில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் தண்ணீர் லாரி ஒன்று நின்றது. கட்டட வேலைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் தண்ணீர் ஓட்டுகிறார் என்றார்கள்.

அவருடைய மனைவி கதவருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அந்தச் சாரு? பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சிருந்தனுங்க."

உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரே சொன்னார்: "ஊர்ல சொந்தக்காரங்ககூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க. விசேசத்துக்குப் போனா, சிலிண்டர் எல்லாம் பத்திரமுங்களான்னு கேட்டுச் சிரிக்கறாங்க. நாலு வருசமா இவரு ஒரு விசேசத்துக்கும் வாரதில்லீங்க."

உள்ளிருந்து வந்த அவர் கணவர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வயரு சமாச்சாரத்த எழுதலீங்களே?"

நான் என் குற்றத்தை மட்டும் எழுதியிருந்தேன். அவர் சொன்னார், நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்: கருவியின் வயர் சுவிட்சுக்கு முன்னால் நேராகப் பேட்டரியில் சேர வேண்டும். அப்போதுதான் சுவிட்சை அணைத்தாலும் கருவி உயிரோடு இருக்கும். அதற்குப் பொறி பறக்காத இணைப்புப் பெட்டி வேண்டும். இருபது வருடம் ஓட்டியவர் சொல்ல, முதுகலை படித்தவன் எழுதினேன்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதப் பொறவு பாத்துக்கலாமுங்க. லெட்டர் ஆபீசுக்குப் போவட்டும். இங்க யாரு ஆபீசு லெட்டரப் படிக்கறாங்க? நீங்க ஸ்டாண்டுக்கு வந்து சொல்லோணுமுங்க."

அவருடைய தண்ணீர் லாரியிலேயே போனோம். ஸ்டாண்டில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், அவருடைய பழைய லாரி முதலாளியும் இருந்தார். நான் வகுப்பில் சொன்னதையே சொன்னேன்.  முதலாளி தலை குனிந்துகொண்டார். ஒருவர் மட்டும், "இதச் சொல்லறதுக்கு நாலு வருசமாங்க ஆச்சு? பஸ்ஸு கெடைக்கலீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. என்னைக் கூட்டிவந்தவர் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அலுவலகம் எளிதில் அசையவில்லை. கோப்பு முடிந்துவிட்டது என்று முதல் பதில். வயர் விஷயத்தைச் சேர்த்து மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு விசாரணைக்கு அழைத்தார்கள். என் மகன் வயது அதிகாரி ஒருவர், "ரிட்டயர் ஆயிட்டீங்க, நிம்மதியா இருக்கலாமே சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். நான் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன். ஒரு வருடம் ஆனது. தடைப்பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். வயரை மாற்றி இணைக்கச் சொல்லி எல்லா லாரி முதலாளிகளுக்கும் உத்தரவும் போயிற்று.

அந்த உத்தரவையும் பெயர் நீக்கிய கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அவருடைய மனைவி கடிதத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனார். முதலாளி மறுபடியும் கேஸ் வண்டிக்குக் கூப்பிட்டிருப்பதாகவும், கணவர்தான் பதில் சொல்லாமல் இருப்பதாகவும் போகிற போக்கில் சொன்னார்.

"போலாமுங்களே?" என்று அவரைக் கேட்டேன். "இப்ப எந்தத் தடையும் இல்லை."

"ஓட்டோணுமுன்னு ஆசதானுங்க. கையி இன்னும் அந்த வண்டியத்தான் தேடுது." கொஞ்சம் யோசித்தார். "மறுக்காவும் வாசம் வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. நான் யாருக்குங்க ஃபோன் பண்றது?"

கண்காணிப்பு அறையில் எல்லா அழைப்பும் பதிவாகிறது, இப்போது சொந்தக் கைபேசிக்குப் பேசக்கூடாது என்று விதி வந்திருக்கிறது, அங்கே நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

மண்டபத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக நேரமாகிவிட்டது என்று எழுந்தார். பஸ் ஸ்டாண்டு வழிதான், ஏறிக்கொள்ளுங்கள் என்றார். யாருடைய கல்யாணம் என்று கேட்டேன். சொந்தத்தில்தான் என்றார். தண்ணீரை இறக்கிவிட்டு வந்து, குளித்து, சாயங்காலம் மனைவியோடு போகிறாராம்.