வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கைகள்

மலாயாவில், தாப்பாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்கு அப்பா பல வருடம் தலைவராக இருந்தார். அந்தப் பதவி அவருக்கு முதலில் எப்படி வந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வரும், வேறு ஏதோ ஒன்றும் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. அப்போது நான் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை.

கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய கங்காணி கப்பலேறி ஊருக்கே போய்விட்டார். வருசா வருசம் உங்களுக்குள் ஒருவரைப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அப்பா வேலையாட்களில் ஒரு கூட்டத்துக்குக் கங்காணி. அம்மாவின் அண்ணன், என் மாமா, இன்னொரு கூட்டத்துக்குக் கங்காணி. இரண்டு பேரும் போட்டிக்கு நின்றார்கள்.

ஆரம்பத்தில் அது போட்டியாகவே இல்லை. கோயிலுக்குப் புது அத்தாப்பு ஓலைக் கூரை போடுவேன் என்றார் மாமா. அப்பாவும் அதையே சொன்னார். ஈப்போவிலிருந்து மேளம் என்று அப்பா சொன்னால், மறுநாள் மாமாவும் மேளம் என்பார். ஒரே மாவில் வார்த்த இரண்டு தோசைக்கு எதற்கு எலெக்சன் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் கேலி செய்தார்கள்.

ஒரு சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில் மாமா ஒரு வார்த்தையை விட்டார்.

"நான் இருக்கிற வரைக்கும் சாமி வாய்க்காலைத் தாண்டாது, ஆமா!"

கோயிலுக்குக் கீழே ஒரு வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் கீழ் லயம். அங்கே இருந்தவர்களும் எங்களைப் போலப் பால் வெட்டுகிறவர்கள்தான். ஆனால் ஊரிலிருந்து வரும்போதே சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோமே. அவர்கள் கோயில் முற்றத்துக்கு வருவதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கும்பிடுவார்கள். அம்மன் சப்பரமும் அங்கே போனதில்லை. போகவேண்டும் என்றோ கூடாது என்றோ அதுவரை யாரும் வாய் திறந்து பேசியதும் இல்லை. அப்பாவும் பேசியதில்லை.

மாமா சொன்ன மறுநாளே எங்கள் மேல் லயத்தில் அதே பேச்சு. அப்பா ஒரு ராத்திரி யோசித்தார். காலையில் சொன்னார்: "ஆத்தா எல்லாருக்கும் ஆத்தாதான். நான் வந்தா சப்பரம் கீழ் லயத்துக்குப் போகும்."

அம்மாவுக்கு அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த மருத்துவச்சி அக்கா கீழ் லயம். அவளுடைய மகன் அம்மை போட்டுப் பிழைத்தவன். அம்மன் தன் வாசலில் வந்து நின்றால் மாவிளக்கு ஏற்றுவதாக அவள் வேண்டியிருந்தாள். நடக்காத ஒன்றை வேண்டிக்கொண்டாயே என்று அம்மா எத்தனையோ முறை வருத்தப்பட்டிருக்கிறாள். இப்போது அப்பாவுக்குப் பூசையில் இரண்டு பூ கூட வைத்துக் கும்பிட்டாள். அதோடு மாமா வீட்டுப் போக்குவரத்தும் நின்றது. தண்ணீர்க் குழாயில் அத்தையும் அம்மாவும் ஒருவர் வந்தால் மற்றவர் திரும்பிப் போனார்கள். மாமா மகள் என்னோடு கல்லாங்காய் ஆடுவதும் நின்றது.

குடும்பத்துக்கு ஒருவர் என்று கோயில் முன்னால் கூடினார்கள். எந்தப் பக்கமும் சேராதவர் என்பதால் தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியாரை எண்ணக் கூப்பிட்டிருந்தார்கள். அவர், "எல்லாரும் வரிசையா நில்லுங்கோ" என்றார்.

அவ்வளவுதான். தினமும் விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்கிற பழக்கம். அவரவர் கங்காணிக்குப் பின்னால், அதே இடத்தில், அதே வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். கிராணியார் தொண்டையைக் கனைத்ததும் முன்வரிசைக் கிழவர் ஒருவர், "இருக்கேன் ஐயா!" என்று குரல் கொடுத்தார்.

"இது பெரட்டில்லை! ஆருக்கு ஆரெண்டு பிரிஞ்சு நில்லுங்கோ."

"பிரிஞ்சுதாங்க நிக்கிறோம்" என்றார் கிழவர். எல்லாரும் சிரித்தார்கள். உண்மைதான். மேல் லயம் ஏற்கெனவே சரிபாதியாகப் பிரிந்து நின்றது.

கிராணியார் வாய்க்கால் பக்கம் திரும்பினார். "அங்கால நிக்கிறவை ஆருக்கு?"

அந்தப் பக்கம் ஒரே மூச்சில் கைகள் உயர்ந்தன. மருத்துவச்சி அக்கா இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். அப்பாவுக்குத்தான்.

ஆடித் திருவிழா வந்தது. கீழ் லயத்தில் வாசல் தெளித்து, வேப்பிலையும் குருத்தோலையும் கட்டி, வாய்க்காலின் குறுக்கே பாலமாகப் புது மரம் போட்டிருந்தார்கள். மருத்துவச்சி அக்கா தட்டில் மாவிளக்கோடு வாசலில் நின்றாள். மேளம் அதிரச் சப்பரம் பாலம்வரை வந்தது. அங்கே அப்பா கையை உயர்த்தினார். மேளம் நின்றது.

"பாலம் தாங்காதுப்பா. ஆத்தா சப்பரம், ஆடக் கூடாது. அடுத்த வருசம் நல்லாக் கட்டிட்டுப் போலாம்."

"நேத்து நாங்க அத்தன பேரும் ஏறி நின்னு பாத்தோங்க, கங்காணி ஐயா" என்றாள் மருத்துவச்சி அக்கா, அந்தப் பக்கத்திலிருந்து.

சப்பரம் திரும்பியது. அம்மனின் முதுகைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்! எத்தனை நாளைக்குப் பிறகு! அப்பாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். மாமா மகளும் வந்திருந்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நீ தாண்டியிருந்தா எங்க ஆளுங்க சப்பரத்த அங்கயே எறக்கி வச்சிட்டு வந்திருப்பாங்க, மாப்ள" என்றார் மாமா.

"அது கெடக்கட்டும் மச்சான். சாமி இன்னிக்கே போயிட்டா, அடுத்த வருசம் அவங்க எனக்கு எதுக்குக் கை தூக்கணும்?"

மாமாவுக்குப் புரையேறும்வரை சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். வெளியே போனாள். நானும் ஓடினேன். அவள் அந்தப் புது மரத்தில் நடந்து வாய்க்காலைத் தாண்டினாள். மரம் அசையவில்லை. மருத்துவச்சி அக்காவின் வாசலில், மண்ணிலேயே உட்கார்ந்து கையை ஏந்தினாள்.

"வேணாம் தாயி, ஒங்க ஆளுங்க பாக்குறாங்க" என்றாள் அக்கா.

"பாக்கட்டும். குடு."

மேல் லயத்து வீடுகளிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணெதிரே, அக்கா மாவிளக்கைப் பிட்டுக் கொடுக்க அம்மா வாங்கித் தின்றாள். எனக்கும் ஓர் உருண்டை கிடைத்தது. வெல்லமும் ஏலக்காயும் நெய்யுமாக அப்படி ஒரு ருசி. இவ்வளவு இனிப்பானதைத் தின்றுகொண்டே அம்மா ஏன் அழுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.