விளம்பரத்தில் என் பின்னல்

இன்று காலை சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா என் வகிட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க அம்மணி, முடி ரொம்பக் கொட்டுதுங்களா?”

“ஆமாங்க்கா. பாப்பா பொறந்ததுல இருந்தே, அஞ்சு வருசமா கொட்டுதுங்க.”

உடனே போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஆயுர்வேத எண்ணெய் விளம்பரம். கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் என்று ஒரு குரல் அடுக்கிக்கொண்டே போனது.

“இந்தப் பொண்ணப் பாருங்க கண்ணு. மூணே மாசத்துல எப்படி வளந்திருக்குதுன்னு.”

பார்த்தேன். போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தேன்.

‘முன்’, ‘பின்’ என்று காட்டிய, முகம் தெரியாத இரண்டு படத்திலும் இருப்பது நான்!

போன வாரம் இந்த எண்ணெய்க்கு ஆர்டர் போட்டபோது, “முன்ன இருந்ததும் இப்ப இருக்கறதும் ரெண்டு போட்டோ அனுப்புங்க, பாத்துப்போட்டு மருந்து சொல்றோம்” என்றார்கள். தங்கச்சி கல்யாணத்தில் இடுப்பு வரை தொங்கிய பின்னலையும், இப்போது மண்டை தெரியும் வகிட்டையும் அனுப்பினேன்.

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஐந்து வருடமாகக் கொட்டியதெல்லாம் மூன்றே மாதத்தில் வளர்ந்துவிட்டது.

“அக்கா, அது நானுங்க” என்றேன்.

வீடியோவைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

“அட, அப்புறம் ஏனுங்க தேய்க்கறத நிறுத்திப்போட்டீங்க?”

என் எண்ணெய் பாட்டில் இன்னும் கூரியரில் பக்கத்து ஊர் சோமனூரையே தாண்டவில்லை.

சாட்சி நானே என்பதால் லேசாக நம்பிக்கையும் வருகிறது. எண்ணெய் வந்ததும் தேய்க்கட்டுமா?