நம் பானை, எங்கள் பானை

மதுரைக்கு வெளியே புதிதாகக் கட்டிய அருங்காட்சியகத்துக்கு விளக்க அட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. தோண்டியெடுத்த பானைகளுக்கென்று ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. அதற்கு நான் எழுதிய வரி: 'நம் முன்னோர் இந்தப் பானைகளில் சமைத்தார்கள்.' பானைக்கு வாய் இருந்தாலும் பேசாது. அட்டைதான் பேசியாக வேண்டும்.

ஆலோசனைக் குழுவில் ஒருவர் 'நம்' என்பதை 'எங்கள்' என்று மாற்றினார். "வெளிநாட்டுக்காரன், வடக்க இருந்து வாரவன் எல்லாம் வாசிப்பான். அவனுக்கும் சேத்தா நம்ம முன்னோரு?"

இலக்கணப்படி பிழையில்லை. நம் என்றால் கேட்பவரும் உள்ளே. எங்கள் என்றால் வெளியே. "இங்கயே இருக்கறவன் வாசிச்சா?" என்றேன். "அவனுக்குத் தெரியும்ல" என்றார். தோற்றுப்போனேன். நாட்டுணர்வு எங்கே பிறக்கிறது என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது அது ஏசி அறையில், வடைக்கும் காபிக்கும் நடுவே பிறந்தது.

என் கவலை ஒரே ஒரு ஆளைப் பற்றியது. பழைய நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பன். முஸ்லிம். கல்லூரிக் காலத்திலிருந்து எங்களுக்குள் மாப்ளதான். கொஞ்ச காலமாக, துணி எடுக்க வருகிறவர்கள்கூட "பூர்வீகம் எங்க பாய்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். "எங்க தாத்தாவுக்குத் தாத்தாவும் இங்கனதான்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. 'நம்' என்று எழுதியதை அவனிடம்தான் பெருமையடித்திருந்தேன். அட்டை மாறியதைச் சொல்ல வாய் வரவில்லை. கூட்டிப்போகச் சொன்னபோதெல்லாம் சாக்குச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வண்டியோடு விளாங்குடியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

பெட்டிக்கு முன்னால் தொப்பியோடு நின்று அட்டையைப் பார்த்தான். சத்தமாக வாசித்தான்: "எங்கள் முன்னோர் இந்தப் பானைகளில் சமைத்தார்கள்." பக்கத்தில் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவன் இன்னொரு தடவை, நிதானமாக வாசித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எங்க ஆளுக பான இம்புட்டு இருக்கு மாப்ள. ஒங்க ஆளுக எதுல பொங்குனாக?"

சிரிக்கப் போனேன். அவன் சிரிக்கவில்லை. பேரையூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் வீட்டுப் பிள்ளை நான். ஆனாலும் சட்டென்று கோபம் வந்தது.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தாவும் இங்கனதான்" என்றேன்.

"அதத்தான் மாப்ள நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றான்.