பறிக்காத மல்லி

கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். கல்யாணம் ஆகாதவன் பூவைத் தேடி அலைகிறான் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தை மாதம் வடக்கனந்தல் பக்கம் சாமந்தி. சித்திரையில் மலையடிவாரத்துக் கொன்றை. மழை பிடித்ததும் பஸ் ஏறிக் கரியாலூருக்குப் போனால், வேலியெல்லாம் கண்வலிப்பூ சிவந்து கிடக்கும். எந்தப் பூ எந்த மாதம் என்று என்னை யார் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வடக்கனந்தலைத் தாண்டி ஒருவர் மல்லித் தோட்டம் வைத்திருந்தார். குத்தகை நிலம். மனைவி இல்லை, அவரும் மகளும்தான். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் எனக்குப் போட்ட நிபந்தனை. நான் போனால் அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு குறை இருந்தது. மல்லியைப் பூவாக யாரும் பறிப்பதில்லை. விடிவதற்குள் மொட்டாகக் கிள்ளி, ஈரத்துணியில் கட்டி, முதல் பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். எப்போது போனாலும் வெறும் பச்சைச் செடிதான் நிற்கும். "ஒரு நாளாவது இது பூத்துப் பாக்கணுங்க" என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "செடியில பூத்துச்சின்னா என் குடி கெட்டுச்சின்னு அர்த்தம் சார்."

படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கத்து ஜனங்கள் நடத்திய போராட்டம் ரோட்டுக்கு வந்தது ஆவணிக் கடைசியில். முகூர்த்த நேரம், மல்லிக்கு நல்ல விலை. ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஆபீசும் பூட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே மாதச் சம்பளக்காரர்கள். காலையில் பேப்பர் வரவில்லை என்ற எரிச்சலைத் தவிர அந்தப் போராட்டத்தால் எனக்கு ஒன்றுமில்லை.

நான்காம் நாள் வடக்கனந்தலுக்குக் கிளம்பினேன். அவர்களை விசாரிக்கப் போனேன் என்று சொன்னால் பொய். அறையில் பொழுது போகவில்லை. விழுந்து கிடந்த மரங்களின் மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்துப் போய்ச் சேர மதியமாகிவிட்டது.

தோட்டம் பூத்திருந்தது. நாலு நாள் பறிக்காத மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்து, கடைசி வரப்புவரை வெள்ளை. முதல் நாள் பூத்தவை பழுத்துக் கீழே கொட்டிக் கிடந்தன. வாசனை மூச்சை அடைத்தது. வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவர் அப்போதுதான் ரோட்டிலிருந்து வந்திருந்தார். கண் சிவந்து, சட்டையெல்லாம் மரத்தூள். மகள் மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சார், இந்த நேரத்துல?" என்றார்.

"எவ்வளவு அழகா இருக்குங்க!" என்றேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னது தப்பு என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவமானத்தில் எனக்குக் கோபம் வந்தது. "நீங்களே மரத்தை வெட்டிப் போட்டு, உங்க பூவை நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே. இது என்ன புத்திங்க?" என்று அவரிடமே பாய்ந்தேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க ஊரு முக்குல மொத மரத்த அறுத்ததே நான்தான் சார். இந்தப் பொண்ணு ரெண்டு வருசமா நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டுக்கினு கீது. மார்க் பத்தலன்னு சீட்டு இல்லன்றாங்க. பூ போனா போவுது, செடி திரும்ப மொட்டு வுடும். இதுக்கு வயசு திரும்பி வருங்களா?"

மூன்று வருஷம் அந்தப் பெண் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அவள் பள்ளிக்கூடம் போனவளா என்றுகூட நான் கேட்டதில்லை. விடியுமுன் எழுந்து மொட்டுக் கிள்ளிவிட்டு அவள் பிளஸ் டூ படித்துப் பாஸ் செய்திருக்கிறாள். அதை அன்றைக்கு, அவள் அப்பா வாயால்தான் அறிந்தேன்.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வெயில் இறங்கட்டும், சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று அவர்தான் சொன்னார். கேட்காமல் கிளம்பிவிட்டேன். பத்து நாளில் ரோடு சரியானது, பஸ் ஓடியது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரை விட்டு வந்தேன்.

அந்தப் பெண் நர்ஸ் ஆனாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாற்றலுக்கு முன் சைக்கிளில் ஒரு மணி நேரத் தூரம்தான், போய்க் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு முகமில்லை.