மன்னியின் நூறு வருஷம்

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வந்த முதல் வாரத்திலேயே, என் கணவரின் அண்ணா மனைவிக்கு மறை கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவளை மன்னி என்று கூப்பிடுவேன். முப்பதை எட்டிக்கொண்டிருந்தவள். ஏழாம் கிளாஸோடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினைந்து வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். இட்லிக்கு அரைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்வாள்:

"நூறு வருஷம் கழிச்சு இந்த உரல் தானா அரைக்கும். நாம பக்கத்துல நிக்கக்கூட வேண்டாம்."

துணி தோய்க்கும்போது, துணி தானே தோய்ந்துகொள்ளும் என்பாள். சமையலுக்குப் புகை இருக்காது. கடல் தாண்டிப் போன பிள்ளைகளின் முகம் சுவரில் தெரியும், அம்மாக்கள் அந்தச் சுவரைப் பார்த்துத் தினமும் அழுவார்கள். ஜாதகத்தை ஒரு பெட்டி கணிக்கும், பிறந்த நாழிகையைச் சொன்னால் போதும், காகிதம் வந்து விழும். "அப்போ ஜோசியர் என்ன பண்ணுவார்?" என்று மாமியார் கேட்டார். "அந்தப் பெட்டிக்குத் தூசி தட்டுவார்மா" என்றாள் மன்னி. மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். மாமனார் படித்துப் போட்ட பழைய பேப்பரை ஒன்றுவிடாமல் படிப்பாள் என்பது உண்மைதான். ஆனால் அவள் சொன்ன பதில் வேறு. "கை எங்க வலிக்கறதோ அங்கதான் மிஷின் வரும். நீ உன் கையைப் பாத்துண்டு இருந்தா உனக்கும் தெரியும்."

சொன்னதெல்லாம் பலித்தது என்று நான் சாதிக்கவில்லை. எல்லோரும் நாளுக்கு நாலு மணி நேரம்தான் வேலை செய்வார்கள் என்றாள். திருவனந்தபுரத்தில் கொசுவே இருக்காது என்றாள். கொசு விஷயத்தில் அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்தில், அவள் வாயைத் திறந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கேட்கிறவளாக நான் ஆகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனாருக்கு வரன் வந்தது. நாத்தனார் அந்த வீட்டின் கடைக்குட்டி. பதினாறு வயது. பள்ளிக்கூடப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, இன்டர்மீடியட்டில் சேர விண்ணப்பத் தாளையும் வாங்கி வைத்திருந்தாள். பௌதிகம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வரனைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, நான்தான். என் பெரியப்பா பிள்ளை, மதுரையில் ரயில்வே உத்தியோகம். எனக்கு ஒரே பெருமை.

மன்னி மாமியாரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள்ல பெண்களெல்லாம் படிச்சு முடிச்சு, ஜோலிக்குப் போய், அப்புறம்தான் கல்யாணம் பண்ணிப்பாம்மா."

"நடக்கட்டும், நன்னா நடக்கட்டும். இவளுக்கு இப்போ பதினாறு" என்றார் மாமியார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெட்டியிலிருந்து நாத்தனாரின் ஜாதகத்தை எடுத்து, நகல் எழுதி மஞ்சள் தடவி அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. என் கையெழுத்துக் கோழி கிளறியதுபோல இருக்கும். மன்னியிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். இரண்டு வரி எழுதியவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"வியாழக்கிழமை, பூசம்னு போட்டிருக்கே. இவ பொறந்தது வெள்ளிக்கிழமை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் தலைக்கு எண்ணெய் வெச்சுண்டு உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு வலி எடுத்துடுத்து. எண்ணெய் வழிய வழியத் தெருவுல ஓடித்தான் மருத்துவச்சியைக் கூட்டிண்டு வந்தேன். தெருவே சிரிச்சுது. வியாழக்கிழமை யாராவது எண்ணெய் தேச்சுப்பாளா?"

மெல்ல விஷயம் விளங்கியது. குழந்தை பிறந்த அன்று மாமனார் ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தார். மாமியாருக்கு ஜன்னி கண்டு பத்து நாள் நினைவே இல்லை. மாமனார் திரும்பி வந்து மருத்துவச்சியிடம் தேதி கேட்டிருக்கிறார். அவள் மலையாளி, நம் ஆவணிக்குச் சமமான மலையாளச் சிங்க மாசத் தேதியைச் சொல்லியிருக்கிறாள். அதை அப்படியே கடிதத்தில் எழுதித் திருநெல்வேலி ஜோசியருக்கு அனுப்பிவிட்டார். ஜோசியர் அதை ஆவணித் தேதி என்று எடுத்துக்கொண்டு கணித்திருக்கிறார். சில வருஷங்களில் சிங்கம், ஆவணி பிறந்து ஒருநாள் கழித்துத்தான் பிறக்கும். ஆபீஸில் மலையாளத் தேதியும் பூஜையில் தமிழ்த் தேதியுமாக வாழ்கிற எங்களைப்போன்றவர்களுக்குத்தான் இப்படித் தவறும். பதினைந்து வயது மருமகளிடம் எண்ணெய்த் தலையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

பூசத்துக்கு அடுத்தது ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். என் பெரியம்மா அந்தப் பேச்சைக் கேட்டாலே கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். வரன் போவது மட்டுமில்லை, என் பிறந்த வீட்டில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"சொல்லாதேங்கோ மன்னி. இத்தனை வருஷம் பூசமாத்தானே இருந்தா" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மன்னி நாத்தனாரைக் கூப்பிட்டாள். ஜாதகம் போய், பையன் வீட்டிலிருந்து பதில் வந்து, நாள் குறித்து, எல்லாம் முடிந்தபிறகு பெண்ணிடம் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அவளிடமே முதலில் கேட்டது மன்னி ஒருத்திதான்.

"நன்னா யோசிச்சு சொல்லு. இதை வெளியில விட்டா இந்த வரன் போயிடும், சம்சயமே இல்லை. அடுத்ததும் போகலாம். ஆயில்யம் ஆயில்யம்னு ஊரே சொல்லும். எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா ஊருக்கு இருக்கே."

நாத்தனார் அடுப்பங்கரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது. "பொய்ப் பூசத்தை வெச்சுண்டு ஒருத்தராத்துக்கு நான் எதுக்குப் போகணும்? சொல்லிடுங்கோ மன்னி."

மன்னி அன்று சாயங்காலமே கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். மாமனார் பரணிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை இறக்கி, விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளிக்கிழமைதான். தப்பு என்னோடது" என்றார். மாமியார் அவரை ஒன்றும் சொல்லவில்லை. கோபமெல்லாம் மன்னியிடம் போனது.

"எல்லாம் தெரிஞ்சவளாச்சே நீ. நூறு வருஷத்துக்கு எழுதி வெச்சவள். சொல்லு, என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?"

உரல், அடுப்பு, கடல், எதைக் கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொல்கிறவள் மன்னி.

"தெரியலைம்மா" என்றாள்.

அப்போதுதான் அவளை நான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்வேன். தெரியாமலேயே இத்தனை தூரம் துணிந்திருக்கிறாள். எனக்கு அந்தத் துணிச்சலில் கால்வாசி கிடையாது.

"ஆகலேன்னா ஆகலேம்மா. விண்ணப்பம் குடுக்க நாளைக்குக் கடைசி நாள்" என்றாள் நாத்தனார். மாமனார் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். என் பெரியம்மாவுக்கு உண்மையை எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதினேன், கோழிக் கிளறலிலேயே.

மறுநாள் நாத்தனாருக்குத் துணையாக மன்னியும் நானும் போனோம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, பெண்கள் காலேஜ் வாசலில் இறங்கினோம். நாத்தனார் ஆபீஸ் அறை வரிசையில் நின்றாள். நாங்கள் இருவரும் நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே பௌதிக ஆய்வுக்கூடம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கதவடியில் காத்திருந்தார்கள். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு டீச்சர் சாவிக்கொத்தோடு வந்து, கதவைத் திறந்து, அவர்களை உள்ளே அனுப்பினாள். எங்களைப் பார்த்துச் சிரித்து, யாரைச் சேர்க்க வந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள்.

மன்னி எழுந்து நின்று பதில் சொன்னாள். அப்புறம் மலையாளத்திலேயே எதையோ தணிந்த குரலில் கேட்டாள். டீச்சர் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. பித்தளையும் கண்ணாடியுமாக மேஜைமேல் ஏதேதோ கருவிகள். மன்னி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நாத்தனார்தான் பேசிக்கொண்டு வந்தாள். ராத்திரிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அந்த டீச்சரிடம் என்ன கேட்டீர்கள் என்றேன்.

"வயசு கேட்டேன்" என்றாள். களைந்த தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டாள்.

"முப்பத்தொண்ணாம். என் வயசு."