துடைக்கச் சொன்னது நான்தான்

நாங்கள் பெங்காலிக்காரர்கள் நடுவே, டாலிகஞ்சில் இருக்கிறோம். எங்கள் டெஸ்க்டாப் ஆன் ஆவதற்குள் காபியே ஆறிவிடும். “புதுசாவே அசெம்பிள் பண்ணிடலாம்” என்றார் கணவர். மகன் மூன்று வயதில் தமிழில் கதை சொன்ன வீடியோக்கள் அதில்தான் இருந்தன. புதிதாக வாங்கினால் அவை போய்விடுமோ என்ற பயத்தில், பழையதிலேயே ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டால் போதும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். கேபினெட்டைத் திறந்தால் ஒரே தூசி. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காட்டி, “எட்டா முச்சே தேபோ, பௌதி?” என்று கேட்டார். எங்கள் வீடு துடைக்கும் பெண் ‘துடைக்கட்டுமா, அண்ணி?’ என்று தினமும் கேட்கிற அதே வார்த்தை. என் பெங்காலி முழுக்க அவளிடம் கற்றதுதான். நன்றாகத் துடைக்கட்டுமே என்று, “ஹ்யா, பாலோ கோரே முச்சே தின்” என்றேன்.

நன்றாகவே துடைத்தார். மாலையில் பார்த்தால் டிஸ்க் காலி. பதறிப்போய் போன் செய்தேன். நான் ‘நன்றாக’ என்று சொன்னதால், யாராலும் மீட்க முடியாதபடி அழித்துவிட்டாராம்.

டிலீட் செய்வதற்கும் ‘முச்சே’தான் என்று காலேஜ் போகும் மகன் சிரித்தான். அதையும் பெங்காலியில்தான் சொன்னான்.

இப்போதெல்லாம் புரிந்த மாதிரி இருக்கிற கேள்விக்குத்தான் முதலில் “நா”, அதாவது வேண்டாம், என்கிறேன். எதையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைக்கிறேன். வைத்து என்ன? கதை சொன்ன அந்தத் தமிழ் இப்போது டிஸ்க்கிலும் இல்லை, மகன் வாயிலும் இல்லை.