இரண்டு பூனைகளுக்கு ஒரு கம்பளி

1913ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அங்கம்மாவை முதன்முதலாகச் சந்தித்தேன். இலங்கை மலைநாட்டில், மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் எழுத்தராக நான் வந்து சேர்ந்த மறுநாள் அது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அரிசி ஸ்டோரிலிருந்து யாரோ ஒருவரைக் கொலை செய்வது போன்ற கூச்சல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அரிசி மூட்டையொன்றின் மேல் ஸ்டோர்காரர் ஷுக்ரி உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கை முதல் மணிக்கட்டு வரை நான்கு சிவந்த கோடுகள். ஸ்டோரைக் கூட்டும் அங்கம்மா அவற்றின் மேல் மஞ்சளை அப்பிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, குள்ளமான பெண். தரையில் ஒரு பெரிய தட்டு கவிழ்ந்து கிடந்தது; அதைச் சுற்றிச் சோறும் கருவாடும் சிதறியிருந்தன.

"வாங்க கிளாக்கர் ஐயா," என்றார் ஷுக்ரி. "என்னெ நல்லாப் பார்த்துக்கோங்க. இந்த மாசம் முடிஞ்சா நான் இங்க ஈக்க மாட்டன்."

அவர் கவலைக்குக் காரணம் இது. ஸ்டோரில் ஆறு ஆண்டுகளாக ஒரு சாம்பல் நிறக் கிழட்டுப் பூனை இருந்தது, பெயர் பெரியவன். எலிகளுக்கும் தோட்டத்து அரிசிக்கும் நடுவே நின்ற ஒரே தடை அதுதான். பத்து நாளைக்கு முன்னர் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி, ஒரு வெள்ளைக் குட்டியைக் கொண்டுவந்து ஷுக்ரியின் கையில் கொடுத்து, தான் திரும்பி வரும்வரை ஸ்டோரில் வைத்து எலி பிடிக்கப் பழக்கும்படி சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனாள். குட்டிக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை. ஆகவே சின்னவன் ஆயிற்று. அன்று முதல் பெரியவன் எலி பிடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, சின்னவனைப் பிடிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டது. மூட்டைகளில் ஓட்டை விழத் தொடங்கியது.

துரைசானி இருபத்தேழாம் தேதி திரும்புவாள். குட்டிக்கு ஏதேனும் நேர்ந்தால் ஷுக்ரியின் வேலை போகும். பெரியவனை விரட்டினால் அரிசி போகும். அப்போதும் வேலை போகும். முந்தைய ஸ்டோர்காரர், துரைசானியின் ரோஜாச் செடிகளைத் தம் ஆடு மேய்ந்த ஒரே குற்றத்துக்காக ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டியவர்.

ஆகவே ஷுக்ரி அன்று காலை தமக்குத் தெரிந்த ஒரே சமாதான வழியைக் கையாண்டார். பதுளையில் அவர் வளர்ந்த வீட்டில் விருந்தென்றால் ஆறு பேர் ஸஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே சோற்றில் கைவைத்து உண்பது வழக்கம். அந்தப் பெரிய தட்டில் சோறும் கருவாடும் பிசைந்து வைத்து, இரண்டு பூனைகளையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்து எதிரெதிரே உட்காரவைத்தார்.

"ஒரு ஸஹன்ல ஒண்டாத் திண்டா பகெ போயிடும்னு நெனச்சன்," என்றார்.

"மனுசங்களுக்குச் சரிங்க நானா," என்றாள் அங்கம்மா. "பூனைக்குத் தன் தட்டுல இன்னொரு மூஞ்சி தெரிஞ்சா அது விருந்து இல்லீங்க, திருட்டு."

"பெரிய பூனை வக்கீல்! உனக்கு என்னடி தெரியும்?"

"எனக்கு ரெண்டு மருமக. ரெண்டு பேரும் ஒரே காம்பராவுலதான் இருக்காங்க. இதுவரைக்கும் ஒரு சட்டிகூட ஒடையல."

லயத்துக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள் இரண்டு மருமக்களை ஆறு ஆண்டுகள் சட்டி உடையாமல் வைத்திருந்தவளின் சொல்லை மறுக்க, தோட்டத்தில் எவருக்கும் துணிவில்லை. சின்னவன் கூரைக் கைமரத்தில் காது கிழிந்து உட்கார்ந்திருந்தது. அதை அங்கம்மா இறக்கி, ஸ்டோரை அடுத்த சிறு காம்பராவில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்தாள்.

மலையில் மழைக்கும் குளிருக்கும் பெண்கள் தலைமுதல் போர்த்திக்கொள்ளும் தடித்த கறுப்புக் கம்பளி அது. சாக்கு அறுக்கும் கத்தியால் அதை நடுவே இரண்டாகக் கிழித்தாள். நான் திகைத்துப்போனேன். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் வேறு கம்பளி இல்லை.

"சாக்கு போடலாமே?" என்றேன்.

"சாக்குல படுக்காதுங்க ஐயா. என் மணம் ரெண்டுக்கும் பழக்கம். அதுல படுத்துக்கும்."

ஷுக்ரி எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்தார். "நாளைக்கே பதுளைக்கு, வாப்பாட கடைக்குச் சொல்லியனுப்புறன். சிவப்புக் கரை போட்ட புதுக் கம்பளி. கிளாக்கர் ஐயா சாட்சி."

அவளுடைய முறை பின்வருமாறு அமைந்தது. ஒரு பாதியில் பெரியவன், மறு பாதியில் சின்னவன், மூன்று நாள். நான்காம் நாள் பாதிகளை மாற்றிப் போட்டாள். தன் படுக்கையில் எதிரியின் வாடையைக் கண்ட பெரியவன், கந்தோரில் தன் நாற்காலியில் வேறொருவனைக் கண்ட பெரிய உத்தியோகத்தனைப் போல் அதை நோக்கி நெடுநேரம் நின்றது. பிறகு அதன் மேல் மூத்திரம் பெய்தது.

"நல்லதுங்க," என்றாள் அங்கம்மா. "பேச ஆரம்பிச்சிருச்சு." கம்பளியை அலசிக் காயவைத்து மறுபடி போட்டாள்; அதன்பின் மூன்று நாளுக்கொரு முறை பாதிகளை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் வாரம் உணவு. சாத்திய கதவுக்கு இப்புறம் ஒரு தட்டு, அப்புறம் ஒரு தட்டு. கதவிலிருந்து எட்டு முழம் தள்ளி. எப்போதும் பெரியவனுக்கு முதலில் வைக்க வேண்டும். அது ஒரு வாய் உண்ட பின்னரே சின்னவனுக்கு. நாள்தோறும் தட்டை ஒரு முழம் கதவை நோக்கி நகர்த்த வேண்டும். உறுமினால் மறுநாள் நகர்த்தக் கூடாது. இந்தப் பொறுப்பு ஷுக்ரியிடம் விடப்பட்டது. அவர் அதைத் தொழுகைக்கு அடுத்தபடியான ஒழுங்குடன் நிறைவேற்றினார். மாலையானால் கந்தோர் வாசலில் வந்து நிற்பார்.

"ஐயா, இண்டைக்கு அஞ்சு முழம். ஒரு உறுமல்."

"பெரியதா, சிறியதா?"

"நடுத்தரம்."

இருபத்து நான்காம் தேதி தட்டுகள் கதவைத் தொட்டன. மறுநாள் கதவை நான்கு விரல் திறப்பதாகத் திட்டம். ஆனால் மறுநாள் காலை ஏழரை மணிக்கு, இரண்டு நாள் முன்னதாகவே, துரைசானி குதிரையில் வந்து இறங்கினாள். ஷுக்ரி சலாம் சொல்ல வாயெடுப்பதற்குள் காம்பராவுக்குப் போய், குட்டியின் பெயரைச் சொல்லிக் கதவை முழுவதும் திறந்துவிட்டாள்.

வெள்ளைக் குட்டி வெளியே வந்தது. பெரியவன் மூட்டையிலிருந்து குதித்தது. ஷுக்ரி கண்ணை மூடிக்கொண்டார். அங்கம்மா மட்டும் அசையாமல், கையிலிருந்த தட்டைப் பெரியவன் முன்னால் வைத்தாள்.

பெரியவன் குட்டியை முகர்ந்தது. கழுத்தை, முதுகை, கிழிந்த காதை. அதன் மேல் வீசியது இரண்டு வாரத்துக்கு மேலாகத் தன் படுக்கையில் வீசிய அதே வாடை. புதிய செய்தி ஒன்றுமில்லை என்று தீர்மானித்ததுபோல் கொட்டாவி விட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து கருவாட்டைத் தின்னத் தொடங்கியது.

"காது என்னா ஆச்சு?" என்று துரைசானி கேட்டாள்.

நான் கூரையை ஆராய்ந்தேன்.

"எலிங்க, துரைசானி," என்று அங்கம்மா இரு கைகளையும் அகல விரித்தாள். "இத்தன நீளம். குட்டி விடவே மாட்டேன்னு சண்டை போட்டுச்சு."

துரைசானியின் முகம் மலர்ந்தது. தன் குட்டி பிறவி வேட்டைக்காரன் என்றும், அதை இனி பங்களாவில் அடைத்துவைப்பது பாவம் என்றும் சொல்லி, ஸ்டோருக்கே நிரந்தரமாக விட்டுச்சென்றாள். ஷுக்ரியின் வேலை நிலைத்தது. சின்னவன் தன் ஆயுளில் ஓர் எலியையும் பிடித்ததாக நான் அறியேன். பெரியவன் பழையபடி தொழிலுக்குத் திரும்பியது.

கம்பளி வரவில்லை. முதல் மாதம் ஷுக்ரி மறந்துபோனார். இரண்டாம் மாதம் நினைவு வந்தது. ஆனால் மறந்துபோனதைச் சொல்ல வெட்கமாயிருந்தது. அதன்பின் வெட்கம் கம்பளியைவிடப் பெரிதாகிவிட்டது. அங்கம்மா சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான்கு மழைக்காலம் வேலைக்கு வந்தாள். ஒவ்வொரு முறை அந்தச் சாக்கைக் கண்டபோதும் ஷுக்ரி அவசரமாக மூட்டைகளை எண்ணத் தொடங்குவார். அவளை 'நீ' என்பதும் நின்று, 'அங்கம்மாக்கா, நீங்க' என்றாயிற்று.

ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்: "நான்தானே சாட்சி. ஒரு வார்த்தை கேட்டால் கொடுத்துவிடுவாரே?"

"குடுத்துருவாருங்க," என்றாள். "அதுக்கப்பறம் என்னையப் பார்க்குறப்பவெல்லாம் அதையே பேசுவாரு. இப்போ பூனையப் பத்திப் பேசுறோம்."

1917ஆம் ஆண்டு மார்கழியில் அவள் மகன் கொஸ்லந்தப் பக்கம் வேறு தோட்டத்துக்கு ஆளாகப் போனான். குடும்பமே புறப்பட்டது. பெருமழை. சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி அங்கம்மா ஸ்டோர் வாசலில் நின்றாள். உள்ளே, நைந்துபோன ஒரே அரைக் கம்பளியில் இரண்டு பூனைகளும் முதுகோடு முதுகு வைத்துக் கிடந்தன. மற்றப் பாதி காலியாக இருந்தது. ஷுக்ரி வாயைத் திறந்தார்.

"அங்கம்மாக்கா, அந்த..."

"பெரியவனுக்கு மொதல்ல வைங்க நானா," என்றாள் அவள். "மறந்துறாதீங்க." மழையில் இறங்கி நடந்தாள்.